மோட்டார்ப் பந்தயமும் தொலைக்காட்சியின் கண்ணும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் நடைபெறும் ஸ்டாக் கார்ப் பந்தயத்தைத் தொலைக்காட்சியிற் கண்டவர்கள் முதலிற் கூறும் வார்த்தை பெரும்பாலும் ஒன்றே: "இடப்பக்கம் திரும்புகிறார்கள், மறுபடியும் இடப்பக்கம் திரும்புகிறார்கள், இதில் ரசிப்பதற்கு என்ன இருக்கிறது?" இவ்வாறு கேட்போர் பலர் கற்றறிந்தவர்கள். இருபத்திரண்டு பேர் ஒரு பந்தைத் துரத்துவதிற் சுவை காணும் இவர்கள், நாற்பது மோட்டார்கள் ஒரு பாதையைச் சுற்றி வருவதில் மட்டும் சுவையில்லை என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். அத்தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. அதற்காக நம்மை இப்பந்தயத்தின் பக்தர் கூட்டத்திற் சேர்த்துவிடவும் வேண்டாம். எந்த ஓட்டுநருடைய எண்ணையும் சட்டையிற் பொறித்துக்கொண்டு திரிபவரல்லோம். சில ஆண்டுகளாக, வாய்த்தபோது பார்த்து வருகிறோம், அவ்வளவே.

இலக்கியப் பகுதியில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என வினவுவோர்க்கும் ஒரு சொல் கூறவேண்டும். கதை சொல்லப்படும் இடமெல்லாம் விமர்சனத்துக்கு இடமுண்டு. பந்தய ஒளிபரப்பு என்பது மூன்று மணி நேரத்துக்கு மேலாகச் சொல்லப்படும் ஒரு கதை. எதைக் காட்டுவது, எதை விட்டுவிடுவது, யாரைப் பெயரிட்டு அழைப்பது, யாரைப் பெயரின்றிக் கடந்து செல்வது என்பவற்றையெல்லாம் யாரோ சிலர் தீர்மானித்துக்கொண்டே இருக்கிறார்கள். நூலாசிரியனிடம் நாம் கேட்கும் கேள்விகளை அவர்களிடமும் கேட்கலாம். நேர்மையாகச் சொல்கிறானா? முக்கியமானதைக் காண்கிறானா? இவ்விரண்டுமே நம் கேள்விகள்.

முதலிற் பெயரைப் பற்றி. 'ஸ்டாக் கார்' என்றால், கடையில் எவரும் விலை கொடுத்து வாங்கக்கூடிய சாதாரணக் கார் என்பது பொருள். பில் பிரான்ஸ் என்பவர் 1947 டிசம்பரில் பிளாரிடா மாகாணத்து டேடோனா கடற்கரையில் ஒரு ஹோட்டலிற் சிலரைக் கூட்டிப் பேசி, 1948 பிப்ரவரியில் நாஸ்கார் என்னும் அமைப்பைப் பதிவு செய்தார். சாதாரண மனிதன் ஓட்டும் காரைப் பந்தயத்தில் ஓட்டிக் காட்டினால் சாதாரண மனிதன் பார்க்க வருவான் என்பது அவர் கணக்கு. அக்கணக்குப் பிழைக்கவில்லை. ஆனால் 1949 ஜூன் 19-இல் சார்லட் நகரில் அவ்வகைக் கார்களுக்கென நடந்த முதற் பந்தயத்திலேயே 'சாதாரணக் கார்' சந்தி சிரித்துவிட்டது. முதலில் வந்த கிளென் டன்னவே ஓட்டிய கார், கள்ளச்சாராயம் ஏற்றிச் செல்வதற்காகப் பின்பக்கத்து ஸ்பிரிங்குகள் திருத்தப்பட்ட கார் என்பது பரிசோதனையில் வெளிப்படவே, அவரைத் தள்ளிவிட்டு, அடுத்து வந்த ஜிம் ரோப்பரை வென்றவராக அறிவித்தார்கள். தென் மாகாணங்களில் இரவு வேளைகளிற் போலீசுக்குத் தப்பிச் சாராயம் கடத்தியவர்களிற் சிலரே இப்பந்தயத்தின் முதல் தலைமுறை ஓட்டுநர்கள் என்பதை நினைத்தால் இதில் வியப்பொன்றுமில்லை.

இன்றைய காரோ இன்னும் விசித்திரமானது. அதற்குக் கதவு இல்லை. ஓட்டுநர் ஜன்னல் வழியாக உள்ளே புகுகிறார். முன்விளக்குகளும் இல்லை, விளக்குப் போல அச்சிட்ட தாளை முகப்பில் ஒட்டியிருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டு முதல் வழங்கும் மாதிரியில், உறுப்புக்களிற் பெரும்பாலானவை எல்லாக் குழுக்களுக்கும் ஒரே இடத்திலிருந்து வருவன. எஞ்சினிலும் மேலுடலின் வடிவத்திலும் மட்டுமே ஷெவர்லே, போர்டு, டொயோட்டா என்னும் வேற்றுமை நிற்கிறது. ஆயினும் வருணனையாளர் ஒவ்வொரு வாரமும் இவற்றை மூன்று குலங்களைப் போலப் பிரித்துப் பேசத் தவறுவதில்லை. கண் எழுதிய விக்கிரகத்தைக் கண்டு பழகிய நம்மவர்க்கு விளக்கு எழுதிய மோட்டார் பெரிய அதிசயமாகத் தோன்றாது.

நிற்க. டேடோனாவில் ஞாயிறு பிற்பகல் 2.30 மணிக்குப் பந்தயம் தொடங்குமாயின் நமக்கு அது திங்கட்கிழமை விடியற்காலை 3.30 மணி. பெரட்டுக்குப் புறப்படுமுன் பாதிப் பந்தயத்தைப் பார்த்துவிடலாம். பாதையின் நீளம் இரண்டரை மைல், சுற்றுக்கள் 200, ஆக 500 மைல். வளைவுகளில் தரை 31 பாகை சாய்ந்து ஒரு கூரையைப்போல் எழும்பி நிற்கிறது. அதன்மேல் மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் அளவான வேகத்தில் நாற்பது கார்கள், ஒன்றுக்கொன்று ஒரு கைப்பிடி இடைவெளியும் இன்றி ஓடுகின்றன. இவ்வளவையும் தொலைக்காட்சி காட்டுகிறது. காட்டியும் காட்டாமற் செய்துவிடுகிறது. உயரத்திலிருந்து நோக்கும் காமிராவுக்குச் சாய்ந்த தரை தட்டையாகிவிடுகிறது. கார்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதால் வேகமே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. எறும்பு வரிசையை மாடியில் நின்று பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. "இடப்பக்கம் திரும்புகிறார்கள்" என்று சலித்துக்கொள்பவரை நாம் முழுவதும் குறை கூறாததற்குக் காரணம் இதுவே. அவருக்குச் சலிப்பூட்டியது பந்தயமன்று, காமிரா நின்ற இடம். அதே காட்சியைப் பாதையோரச் சுவரில் பொருத்திய சிறு காமிராவின் வழியே ஒரு கணம் காட்டும்போது, கார்கள் திரையைக் கிழித்துக்கொண்டு போவது போலிருக்கிறது. அந்த ஒரு கணத்தை ஏன் ஒரு நிமிஷமாக நீட்டுவதில்லை என்பது நமக்கு விளங்கவில்லை.

டேடோனாவிலும், அலபாமா மாகாணத்து டலடீகாவிலும் நடக்கும் பந்தயங்களைச் சிறிது பொறுமையுடன் பார்ப்பவன் ஒரு விந்தையைக் காண்பான். தனியே ஓடும் கார் வேகமாக ஓடுவதில்லை. முன்னே செல்லும் கார் காற்றைப் பிளந்து வழி செய்கிறது. பின்னே ஒட்டி வருவது அவ்வழியிற் குறைந்த எதிர்ப்போடு செல்கிறது. இதனால் பின்னவனுக்கு மட்டுமே லாபம் என்று எண்ணுவது தவறு. முன்னவனைப் பின்னே இழுக்கும் காற்றுச் சுழலையும் பின்னவன் வந்து நிரப்பி விடுவதால், ஒன்றைத் தொடர்ந்து ஒன்றாக ஓடும் இரு கார்கள், தனித்தோடும் எந்தக் காரையும் விட விரைவாகச் செல்கின்றன. இரண்டு பத்தானால் வேகம் இன்னும் கூடும். இதை டிராஃப்டிங் என்கிறார்கள். வரிசையை விட்டு வெளியேறி முன்னே பாய நினைப்பவன், தன்னைத் தொடர்ந்து வர ஒருவனாவது இசையாவிட்டால், அரைச் சுற்றுக்குள் பத்து இடம், பதினைந்து இடம் பின்னே தள்ளப்படுகிறான். எஞ்சினுக்கு ஒன்றும் நேரவில்லை; கை நடுங்கவுமில்லை. துணை வராததுதான் குற்றம். நேற்று வரை பகைவனாயிருந்தவனை இன்று முதுகிற் கைகொடுத்துத் தள்ளும்படி வேண்டி நிற்கும் இந்த நிலைமையை விடச் சிறந்த நாடகப்பொருள் எந்த விளையாட்டில் இருக்கிறது? யாரை நம்பி வரிசையை விட்டு வெளியேறுவது, வெளியேறியவனைத் தொடர்வதா, கைவிடுவதா, கடைசிச் சுற்றில் யாருடைய உபகாரத்தை மறப்பது என்பவை மூன்று மணி நேரமும் நடக்கும் விவகாரம். இது வேகத்தின் கதையே அன்று, நம்பிக்கையின் கதை, நம்பிக்கைத் துரோகத்தின் கதையுங்கூட.

ஆனால் வருணனையாளர் சொல்லும் கதை வேறு. அவருக்கு ஒரு வீரன் வேண்டும். அவன் தனியனாக இருக்கவேண்டும். முதலிடத்தில் ஓடுபவனை அவர் புகழும் முறையைக் கேட்டால், பின்னே ஒட்டி வருபவன் அவனைத் துரத்துகிறான் என்றே எண்ணத் தோன்றும். தள்ளிக்கொண்டு வருகிறான் என்பது மறைந்துவிடும். வருணனையாளருள் பழைய ஓட்டுநர்கள் இருக்கும்போது விஷயம் சற்றுத் தேவலை. அவர்கள் நடுநடுவே வரிசையின் சூட்சுமங்களை விளக்குகிறார்கள். விளக்கிக்கொண்டிருக்கும்போதே விளம்பரம் வந்துவிடும். சில வேளைகளில் பந்தயத்தை ஒரு மூலையிற் சிறு சதுரமாகச் சுருக்கி, மிகுந்த இடத்தில் இன்ஷூரன்ஸ் வியாபாரம் நடத்துகிறார்கள். கார் முழுவதும் விளம்பரம், ஓட்டுநர் மேலங்கி முழுவதும் விளம்பரம். அதுவும் போதவில்லை போலும்!

இன்னொருவரைப் பற்றியும் கூறவேண்டும். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் மைதானத்தின் உச்சியில் ஒருவர் நின்று, ரேடியோ மூலமாக, உன் வலப்பக்கம் ஒருவன் இருக்கிறான், இப்போது இல்லை, முன்னே விபத்து, கீழே இறங்கு என்று ஓயாது சொல்லிக்கொண்டிருக்கிறார். 'ஸ்பாட்டர்' என்பது அவர் உத்தியோகம். தலையையும் கழுத்தையும் பிணித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்குப் பக்கவாட்டில் நன்றாகப் பார்க்க இயலாது. ஆகவே முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் அவர் வேறொருவர் கண்ணால் ஓட்டுகிறார் என்றே கூறலாம். இந்த ரேடியோப் பேச்சை எப்போதாவது ஒளிபரப்பிற் கேட்க விடுகிறார்கள். வருணனைக்காரர் மூவரின் ஆரவாரத்துக்கிடையே அந்தத் தாழ்ந்த, பதறாத குரல் ஒன்றே உண்மையில் இலக்கியத்தரம் வாய்ந்தது. சொற்கள் சிலவே, ஒன்றும் அலங்காரமில்லை, ஒரு சொல் தவறினால் ஒரு கார் சுவரிலிருக்கும்.

பிட் என்னும் நிறுத்துமிடத்து வேலையையும் இதனோடு சேர்த்துக் கூறலாம். சுவரைத் தாண்டிக் குதிக்கும் ஐவரில் ஒருவர் ஜாக்கியால் காரைத் தூக்குகிறார். ஒருவர் டயரைச் சுமந்து வருகிறார். இருவர் கழற்றி மாட்டுகிறார்கள். ஒருவர் பெட்ரோல் ஊற்றுகிறார். நான்கு டயரும் பெட்ரோலும் பத்துப் பதினோரு வினாடியில் முடிந்து கார் ஓடிவிடுகிறது. முன்பு ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்து நட்டுக்கள். 2022 முதல் நடுவே ஒன்றுதான். இவர்களிற் பலர் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களாயிருந்தவர்கள். பிரெஹன்னா டேனியல்ஸ் என்னும் கறுப்பினப் பெண், கல்லூரியிற் கூடைப்பந்து ஆடியவர், 2018-ஆம் ஆண்டில் டேடோனாவில் முதன்மைத் தொடரிலேயே டயர் மாற்றினார். பந்தயத்தின் வெற்றி தோல்வி பல வேளைகளில் இந்தப் பத்து வினாடியிலேயே நிச்சயமாகிறது என்பதை வருணனையாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆயினும், ஓட்டுநர் பெயரும் காருக்குப் பணம் கொடுத்த கம்பெனியின் பெயரும் நூறு தடவை ஒலிக்கக் கேட்ட நாம், ஜாக்கி பிடித்தவரின் பெயரை ஒரு தடவையாவது கேட்டதாக நினைவில்லை. அவர் தவறு செய்தால் மட்டும், மெதுவாக ஓடும் படத்தில், மூன்று முறை காட்டுகிறார்கள்.

இனி இக்கட்டுரையின் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அது கணக்கைப் பற்றியது. தோட்டத்திற் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இதில் ஒரு தனி அக்கறை இருப்பது இயல்பே. ஒருவன் நாள் முழுவதும் வேலை செய்திருந்தாலும், செக்ரோலில் அவன் பெயருக்கு நேரே பேர் விழாவிட்டால், அன்று அவன் வேலைக்கு வந்தவன் ஆகான். பந்தயப் பாதையிலும் அப்படியே. ஒருவன் எத்தனை சுற்றுச் சுற்றினான் என்பதைக் காட்டிலும், எத்தனை சுற்றுச் சுற்றினான் என்று எழுதப்பட்டது என்பதே செல்லுபடியாகும்.

1959 பிப்ரவரி 22-இல் டேடோனாவின் புதிய பாதையில் முதல் 500 மைல் பந்தயம் நடந்தது. முடிவுக்கோட்டை லீ பெட்டியும் ஜானி போஷாம்ப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே கடந்தார்கள். சுற்றுக்களிற் பின்தங்கிய வேறொரு காரும் அவர்களுடன் சேர்ந்து கடந்தபடியால் குழப்பம் அதிகரித்தது. போஷாம்ப்பே வென்றார் என்று அறிவித்து விழாவும் நடத்திவிட்டார்கள். பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை. புகைப்படங்களும் செய்திப்படச் சுருளும் தேடித் தருவிக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்து, மூன்று நாள் சென்றபின், பெட்டியே வென்றவர் என்று தீர்ப்பு மாற்றப்பட்டது. காமிரா பார்த்தது, பார்த்ததைச் சொன்னது, மனிதர் தம் பிழையைத் திருத்திக்கொண்டார்கள். கருவியின் பெருமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1963 டிசம்பர் 1-ஆம் நாள் பிளாரிடா மாகாணத்து ஜாக்சன்வில் நகரில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அரை மைல் மண் பாதை, 200 சுற்று. வர்ஜீனியா மாகாணத்து டான்வில் ஊரினரான வெண்டல் ஸ்காட், முதன்மைத் தொடரில் அன்று ஓடிய கறுப்பினத்தவர் அவர் ஒருவரே, தம் 34-ஆம் எண் ஷெவர்லே காரில் வந்திருந்தார். பெரிய கம்பெனியின் பணம் அவருக்கில்லை. தம் காரைத் தாமே பழுது பார்த்து, தம் மக்களையே துணையாட்களாகக் கொண்டு ஓட்டி வந்தவர். முடிவுக்கு 25 சுற்றுக்கள் இருக்கையில், பழுதுபட்டு ஓடிய ரிச்சர்டு பெட்டியின் காரைக் கடந்து முன்னே சென்றார். அதன்பின் அவரை ஒருவரும் நெருங்கவில்லை; இரண்டு சுற்று முன்னதாகவே பந்தயத்தை முடித்தார். ஆனால் முடிவுக்கொடி அவருக்கு அசைக்கப்படவில்லை. பக் பேக்கர் என்னும் வெள்ளையர் வென்றதாக அறிவிக்கப்பட்டு, வெற்றிக் கோப்பையும் அழகியின் முத்தமும் அவருக்கு வழங்கப்பட்டன. சில மணி நேரம் கழித்து, கூட்டம் கலைந்து, மைதானம் வெறிச்சோடியபின், சுற்றுக்கணக்கிற் பிழை நேர்ந்துவிட்டது, வென்றவர் ஸ்காட்டே என்று சொன்னார்கள். பரிசுப் பணத்தைக் கொடுத்தார்கள். கோப்பை பேக்கரோடு போய்விட்டது.

கணக்குப் பிழையாம்! கணக்கெழுதுபவன் கையில் ஒரு கோடு தவறுவதுண்டு, ஒத்துக்கொள்கிறோம். இரண்டு சுற்று முன்னே செல்பவனை, மைதானத்தில் இருந்த ஒரே கறுப்பு ஓட்டுநரை, கணக்கெழுதிய எவர் கண்ணும் காணவில்லை என்பதை ஒத்துக்கொள்வதற்கு நாம் குழந்தைகளல்லோம். ஒரு கறுப்பு மனிதனை வெள்ளைப் பெண்ணொருத்தி கூட்டத்தார் நடுவே முத்தமிடும் காட்சியை நடத்த அவர்களுக்குத் துணிவில்லை. இதுவே உண்மையான காரணம் என்று ஸ்காட் இறுதிவரை கூறி வந்தார். தீண்டாமை என்னும் சொல்லை அறிந்த நம் நாட்டாருக்கு இந்த விஷயத்தில் விளக்கவுரை வேண்டியதில்லை. பிழை என்பது எப்போதும் ஒரே பக்கமாகச் சாயுமாயின் அதற்குப் பிழை என்று பெயரில்லை.

அன்று ஜாக்சன்வில்லில் நேரடி ஒளிபரப்பு இருந்திருந்தால்? வீட்டிலிருந்தபடியே ஆயிரக்கணக்கானவர்கள் 34-ஆம் எண் காரைச் சுற்றுக்குச் சுற்று எண்ணியிருந்தால்? இக்கேள்வியே நம்மைத் தொலைக்காட்சியின் பக்கம் வாதாடச் செய்கிறது. இன்று ஒவ்வொரு காரின் சுற்றும் மின்கருவியால் எண்ணப்படுகிறது. 2024 மே மாதத்தில் கான்சஸ் பாதையில் கைல் லார்சன், கிறிஸ் பியூஷரை வென்ற இடைவெளி ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே ஆண்டு பிப்ரவரியில் அட்லாண்டாவில் மூன்று கார்கள் ஒரே கோடாக வந்து, மெக்சிகோ நாட்டினரான டேனியல் சுவாரெஸ் ஆயிரத்தில் மூன்று பங்கு வினாடியால் வென்றார். முடிவுக்கோட்டில் நிறுத்திய காமிராப் படத்தை அனைவருக்கும் காட்டினார்கள். ஒருவரும் வாய் திறக்க இடமில்லை. ஒளிபரப்பின் நேர்மை முழு நிலவாகப் பொலிவது இவ்விடத்தில்தான். இதை மனமாரப் புகழ்கிறோம்.

ஆனால் இக்கண் தலைவனையும் தகராற்றையும் மட்டுமே தேடி அலைகிறது என்பது நம் குறை. இதன் மூலம் எதுவென்று தேடினால் 1979 பிப்ரவரி 18-க்குச் செல்லவேண்டும். அன்றுதான் டேடோனா 500 பந்தயம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தேசமெங்கும் நேரடியாக முதன்முறை ஒளிபரப்பாயிற்று. கிழக்கு மாகாணங்களிற் பெரும்பனி பெய்து மக்கள் வீட்டைவிட்டு வெளியேற முடியாமலிருந்தார்கள். கடைசிச் சுற்றில் முதலிரு இடத்திலிருந்த டானி அலிசனும் கேல் யார்பரோவும் மோதிச் சுழன்று புல்வெளியில் விழ, வெகுதூரம் பின்னே வந்த ரிச்சர்டு பெட்டி வென்றார். அவர் முடிவுக்கோட்டைக் கடந்த சற்று நேரத்திலேயே காமிரா புல்வெளிக்குத் திரும்பிற்று. அங்கே யார்பரோவும், தம்பிக்காக வண்டியை நிறுத்தி இறங்கிய பாபி அலிசனும் கைகலந்து கொண்டிருந்தார்கள். கென் ஸ்குவையர் அன்று செய்த வருணனை, நிதானமும் வியப்பும் கலந்த ஒன்று. இன்று கேட்டாலும் பழுதில்லை. ஆனால் அவருக்குப் பின்வந்தவர்கள் அந்த நாளிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் அவருடைய நிதானம் அன்று. அடிதடி இருந்தால் ஆள் சேரும் என்பதையே கற்றார்கள். இன்றைக்கும் பந்தயத்தின் முன்விளம்பரத்தில் முதலில் வருவது கவிழ்ந்து உருளும் கார்.

அந்தக் கண்ணுக்கு நேர்ந்த பெரிய சோதனை 2001 பிப்ரவரி 18. அதே டேடோனா; அதே கடைசிச் சுற்று. மைக்கேல் வால்ட்ரிப் முதலில், டேல் அர்ன்ஹார்ட்டின் மகன் இரண்டாவது. மூன்றாவதாக வந்த அர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதிற்று. பார்ப்பதற்கு அது பெரிய விபத்தாகவே தெரியவில்லை. வருணனை மேடையிலிருந்த டாரல் வால்ட்ரிப் தம் தம்பியின் முதல் வெற்றியைக் கண்டு தழுதழுத்துக்கொண்டிருந்தார். காமிரா வெற்றியாளரோடு போயிற்று. அந்த ஆனந்தத்தின் நடுவிலும், டேலுக்கு ஒன்றும் இல்லையே என்று டாரல் கவலையோடு கேட்டது காதில் விழுந்தது. பதிவில் இன்று பார்க்கையில், அத்தனை ஆரவாரத்தில் அந்த ஒரு கேள்வியே நெஞ்சில் தங்குகிறது. அர்ன்ஹார்ட் இறந்துவிட்டார் என்பது மாலையில் அறிவிக்கப்பட்டது.

அதற்கு முந்திய ஒன்பது மாதத்தில் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் என மூன்று இளைஞர் இவ்வமைப்பின் பாதைகளில் மாண்டிருந்தார்கள். தலையையும் கழுத்தையும் பிணித்துக் காக்கும் ஹான்ஸ் என்னும் கருவியோ 1980-களிலேயே உருவானது. மிஷிகன் ராஜ்யப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்ட், ஓட்டுநரான தம் மைத்துனர் ஜிம் டவுனிங்குடன் சேர்ந்து அமைத்தது. அதைப் பலர் அசௌகரியம் என்று ஒதுக்கினர். ஒதுக்கியவருள் அர்ன்ஹார்ட்டும் ஒருவர். 2001 அக்டோபரிலேயே அத்தகைய பிணிப்பு கட்டாயமாயிற்று. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் எஃகுக் குழாயும் நுரைப்பஞ்சும் கொண்டு அமைத்த அதிர்ச்சி தாங்கும் சுவர் 2002-இல் இந்தியானாபொலிஸ் பாதையில் முதன்முதல் எழுந்து, பின்னர் மற்றப் பாதைகளுக்கும் பரவிற்று. 2001-க்குப் பிறகு முதன்மைத் தொடரின் பந்தயத்தில் ஓட்டுநர் எவரும் உயிரிழக்கவில்லை. பந்தயத்துக்கு முன் பாதிரியார் ஒருவர் பிரார்த்தனை செய்யும் வழக்கம் 2001-க்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. 2011-இல் நாஷ்வில் பாதையில் ஒரு பாதிரியார், கார்க் கம்பெனிகளையும் டயர்க் கம்பெனியையும் பெயர் சொல்லிக் கடவுளுக்கு நன்றி கூறியதை உலகமே கேட்டுச் சிரித்தது. பேராசிரியர் ஹப்பார்டின் பெயரை எந்தப் பிரார்த்தனையிலும் நாம் கேட்டதில்லை.

வேடிக்கையான ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2022 அக்டோபர் 30-இல் மார்டின்ஸ்வில் பாதையில், கடைசிச் சுற்றில், ராஸ் சாஸ்டெயின் என்னும் தர்ப்பூசணித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, பிரேக்கில் கால் வையாமல் காரை வெளிச்சுவரோடு ஒட்ட விட்டு, சுவரே வளைவில் திருப்பிக் கொடுக்க, ஐந்து கார்களைக் கடந்து போனார். சிறு வயதில் வீடியோ விளையாட்டிற் பழகிய தந்திரம் என்று பிறகு சொன்னார். அடுத்த ஆண்டு முதல் அப்படிச் செய்தால் தண்டனை என்று அறிவித்துவிட்டார்கள். திரையிற் பந்தயத்தைப் பார்த்தவன் பந்தயத்தில் திரையைச் செய்து காட்டினான்! காரினுள் இருந்த காமிரா அதைக் காட்டிய விதம் அற்புதம். ஒளிபரப்பாளரிடம் இத்தகைய கண் இருக்கும்போது மிகுந்த நேரமெல்லாம் அதை மூடி வைத்திருப்பானேன்?

கண் மூடலில் மிகப் பெரியது, படத்தின் பின்னணியிலேயே இருந்தது. அடிமைத்தனத்தைக் காக்க 1861 முதல் 1865 வரை போர் புரிந்த தென் மாகாணங்களின் கொடி, பல ஆண்டுகளாக இப்பந்தய மைதானங்களிற் பறந்துகொண்டிருந்தது. காமிரா அதைக் கடந்து செல்லும். அதைப் பற்றி வருணனையாளர் ஒரு சொல் உரைத்ததாக நாம் கண்ட பழைய பதிவுகளிலில்லை. 2020 ஜூன் மாதத்தில், முதன்மைத் தொடரில் அன்று முழுநேரம் ஓடிய ஒரே கறுப்பின ஓட்டுநரான பபா வாலஸ் வெளிப்படையாகக் கேட்ட பிறகே, நாஸ்கார் அக்கொடியைத் தன் மைதானங்களிலிருந்து விலக்கிற்று. பிறகு 2021 அக்டோபர் 4-இல் டலடீகாவில், மழையால் இடையில் நிறுத்தி முடிக்கப்பட்ட பந்தயத்தில், வாலஸ் வென்றார். ஸ்காட்டின் வெற்றிக்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் முதன்மைத் தொடரில் ஒரு கறுப்பினத்தவர் பெற்ற வெற்றி அது. மழையிற் கிடைத்த வெற்றி என்று சிலர் முணுமுணுத்தனர். மழையால் நின்ற பந்தயங்களை வென்ற வெள்ளை ஓட்டுநர் பலர் உண்டு. அவர்கள் கோப்பையை யாரும் எடை போட்டதில்லை. வாலஸ் 2022-இல் கான்சஸிலும் 2025-இல் இந்தியானாபொலிசிலும் மறுபடி வென்றார்.

டலடீகா வெற்றிக்குச் சில வாரங்களுக்கு முன், 2021 ஆகஸ்டு மாதத்தில், டேடோனா மைதானத்தில் வெண்டல் ஸ்காட்டின் குடும்பத்தாரை அழைத்து, ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் வழங்கிற்று. ஸ்காட் 1990-லேயே காலமாகிவிட்டார். 1963-இல் காலியான மைதானத்திற் சொன்னதை இம்முறை கூட்டம் இருக்கும்போது சொன்னார்கள்.

பந்தயம் நடக்கையில் திரையின் ஓரத்தில் ஓட்டுநர் பெயர்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். கண் பெரும்பாலும் முதல் ஐந்து பெயருக்குக் கீழே இறங்குவதில்லை, காமிராவும் இறங்குவதில்லை. நாம் அண்மைக்காலமாக ஒரு வழக்கம் செய்துகொண்டிருக்கிறோம். முப்பதுக்குக் கீழே ஒரு பெயரைத் தேர்ந்து, பந்தயம் முடியும்வரை அக்காரையே தேடுவது. உயரக் காமிராவின் மூலையில் ஒரு கணம் தெரியும், மறையும், வேறொருவரின் விபத்தை மெதுவாகக் காட்டும்போது பின்னே புகையினூடே நழுவிச் செல்லும், பிட்டில் நிற்கும்போது, முதல்வனின் டயரைக் காட்டும் படத்தின் ஓரத்தில் ஒரு முன் சக்கரம் மட்டும் தெரியும். சென்ற பருவத்தில் ஒரு பந்தயத்தில் அவ்வாறு தேடிய காரை மூன்று மணி நேரத்தில் பதினொரு முறை கண்டோம். வருணனையாளர் அந்த ஓட்டுநரின் பெயரைச் சொன்னது இரண்டு முறை: தொடங்கும்போது ஒருமுறை, முதல்வன் அவரை ஒரு சுற்றுத் தாண்டிச் சென்றபோது ஒருமுறை.